புயல் அடித்த ஊரை வரைவது எப்படி?

பேரிடருக்குப் பின் ஓர் ஊரின் பிழைப்பை நிமிர்த்த, முதலில் அந்த ஊரை வரையச் சொல்கிறார்கள் நிபுணர்கள். பணம் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது, யார் யார் கைக்கு மாறுகிறது, எந்த இடத்தில் அறுந்து நிற்கிறது என்பதை ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து தரையில் கோலமாவால் போட வேண்டும். எந்த முடிச்சை முதலில் போட்டால் மற்றவை தானாகச் சேரும் என்பது அதில் தெரிந்துவிடும். நம் மகளிர் குழுக்களுக்கு இது புதிதல்ல. புது வாழ்வுத் திட்டக் காலத்திலேயே யார் ஏழை, யார் மிகவும் ஏழை என்று ஊர் கூடிப் பிரித்துப் பழகியவர்கள். இந்த முறையில் ஒரே ஒரு சிக்கல்தான் உண்டு. ஒழுங்காகச் செய்தால் ஊர் எழுந்துவிடும். எழுந்த ஊரைக் காட்டி இரண்டாம் கட்டத்துக்கு நிதி கேட்க முடியாது. ஆகவே, பார்வைக்கு அழகாகவும் பயன்பாட்டுக்கு ஆகாமலும் ஒரு வரைபடம் போடும் வழிகளை, இந்தத் துறையில் புதிதாகக் கால் வைக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன்.

பாடத்துக்கு கஜாவை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல். கடற்கரையோடு நின்றிருந்தால் நமக்கு வேலை சுலபம். அது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, கீரமங்கலம், வடகாடு என்று தோப்பு தோப்பாகப் புகுந்து மேற்கே போனது. லட்சக்கணக்கில் தென்னை விழுந்தது. பலாவும் மாவும் முந்திரியும் வாழையும் விழுந்தன. வேதாரண்யம் உப்பளங்களில் சேறு ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கடைசித் தகவலை நன்றாக மனதில் வையுங்கள். கரண்ட் வருவதற்கு முன்னால் போனால் உங்கள் ப்ரொஜெக்டர் வேலை செய்யாது.

நேரமும் இடமும்

கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வையுங்கள். விழுந்த மரத்தை அறுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் அந்நேரம் வர முடியாது. தோப்புக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குத் தோப்பில் இனி வேலை இல்லை. இடம் ஊர் நடுவில் உள்ள கோயில் மண்டபமாக இருக்கட்டும். “எல்லோருக்கும் பொதுவான இடம்” என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். காலனிக்காரர்கள் மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றால், “பார்வையாளர்கள்” என்று ஒரு வரி சேருங்கள். விழுந்துவிட்ட அந்த மரத்தடி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யாரைக் கூப்பிட்டு அனுமதி கேட்பது என்பதில் கஜா ஒரு வசதி செய்து வைத்திருந்தது. தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது; ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். நடுவில் புயல் வந்தபோது சட்டப்படி ஊருக்குத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். அவருக்குப் பல ஊர்கள். ஆகவே உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பவர் யாரோ அவரே “சமூகத் தலைவர்”. அவர் வீட்டை வரைபடத்தின் மையத்தில் போட்டுவிட்டால் மற்ற வீடுகள் தாமாகவே ஓரத்துக்குப் போய்விடும்.

எதை வரைய வேண்டும்

விழுந்ததை மட்டும் வரையுங்கள். நிவாரணக் கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது, நீங்கள் மட்டும் புதிதாக எதையாவது கண்டுபிடித்து ஏன் குழப்ப வேண்டும்? கஜாவின்போது விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100. ஒரு எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். கணக்கு கச்சிதம். வி.ஏ.ஓ. வந்து எண்ணுவார், சிட்டா அடங்கல் பார்ப்பார், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்கில் ஏறும். ஐந்து வருடத்துக்குக் குத்தகை எடுத்து முன்பணம் கட்டியவர் கையில் பட்டா கிடையாது. அவர் ஐயா ஐயா என்று வி.ஏ.ஓ. பின்னால் நடப்பார். அந்த நடைக்குப் படத்தில் குறி எதுவும் கிடையாது.

ஒரு தென்னந்தோப்பில் யாரெல்லாம் சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், படம் பெரிதாகிவிடும். நாற்பது நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஏறுபவர் ஒருவர். கீழே விழுந்ததைப் பொறுக்கிக் குவிப்பவர்கள் பெண்கள். தரையில் நட்ட இரும்பு முனையில் உரிப்பவர் வேறு ஆள். கணக்கு ஆயிரம் காய்க்கு. ஏற்றுக்கூலி, லாரி, வியாபாரி. காய் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களத்தில் காய்ந்து கொப்பரையாகி எண்ணெய்க்குப் போகும். மட்டை நார் மில்லுக்கு. மில்லில் வெயிலில் நார் உலர்த்துபவர்களும் பெண்கள்தான். ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கீற்று முடைபவர்கள், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுபவர்கள், கரிக்காரருக்குக் கொட்டாங்கச்சி வாங்க அலைபவர்கள். தோப்பு நிழலில் கோகோ போட்டவர்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தமாக ஒரு மரம்கூட இல்லை. ஆகவே இவர்களுக்கு எதுவும் விழவில்லை. ஏறுபவரின் கயிறும் அரிவாளும் புயலில் பத்திரமாகவே இருந்தன. சேதமே இல்லாத ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் சேர்த்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யாராவது ஒரு கிழவி, “ஏந் தம்பி, மரத்துக்காரருக்கு ஆயிரத்து நூறுன்னா, அந்த மரத்துல ஏறுனவனுக்கு எவ்ளோ?” என்று கேட்கக்கூடும். பேனாவை மூடி, “அது அடுத்த அமர்வில், ஆயா” என்று சொல்லுங்கள். அடுத்த அமர்வு பெரும்பாலும் நடக்காது.

அம்புக்குறிகள்

வரைபடத்தின் உயிர் அம்புக்குறியில் இருக்கிறது. எல்லா அம்பும் ஒரே திசையில், மேலிருந்து கீழே வரட்டும். தில்லி, சென்னை, ஆட்சியர் அலுவலகம், பயனாளி. தடிமனாகப் போடலாம், ஆனால் அளவுகோல் வைத்துப் போட வேண்டாம். கஜாவுக்கு மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். 2018 டிசம்பர் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி. கேட்ட அம்பை ஒரு சாண் அகலத்தில் வரைந்தால் கொடுத்த அம்பு ஒரு விரல் அகலம்கூட வராது.

அம்பு திரும்பி வந்து வளையமானால் தொல்லை ஆரம்பம். உதாரணத்துக்குக் கீற்று. புயல் முடிந்த முதல் வாரங்களில் ஊர் முழுக்க ஓலை, கேட்பாரற்றுக் கிடந்தது. கூரை போன வீடுகளும் ஊர் முழுக்க. கீற்று முடைபவர்களுக்கு அப்போது கை நிறைய வேலை இருந்திருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? லாரி லாரியாகத் தார்ப்பாய் கொண்டுபோய் இறக்கினோம். இலவசமாகக் கிடைக்கும்போது கீற்றை யார் காசு கொடுத்து வாங்குவார்? ஓலை காய்ந்து மக்கியது. அடுத்த மழைக்குத் தார்ப்பாய் கிழிந்தபோது கீற்று வேண்டியிருந்தது, ஓலைக்கு மரம் இல்லை. தார்ப்பாய் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் நிற்பவரிடம் முடைந்து முடியும்வரை பொறு என்று சொல்ல முடியாது. பாதிப் பணத்துக்குக் கீற்று வாங்கியிருக்கலாம் என்று அந்த வளையம் காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவுதான். வளையத்தை வரையாமல் விட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

மரத்துக்கும் இதே கதை. எல்லாத் தோப்பும் ஒரே ராத்திரியில் விழுந்தால் தென்னங்கட்டைக்கு விலை எங்கிருந்து வரும்? வாங்க வந்தவர்கள் அடிமாட்டு விலை கேட்டார்கள். பல இடங்களில் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாகி, எடுப்பதற்கும் தோப்புக்காரரே கூலி கொடுத்தார். எடுக்க முடியாதவர்கள் அப்படியே விட்டார்கள். அழுகும் கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு, தப்பி நின்ற மரத்தின் குருத்தைக் குடைந்து, புதிதாக வைத்த பிள்ளையையும் குடையும். ஆக மரம் அப்புறப்படுத்தும் 500 ரூபாய் எப்போது கைக்கு வருகிறது என்பது ஆறு வருடம் கழித்து எத்தனை மரம் காய்க்கும் என்பதோடு சம்பந்தப்பட்டது. இதையெல்லாம் படத்தில் போட்டால் வருவாய்த்துறைக் கட்டத்திலிருந்து வண்டுக்கு ஓர் அம்பு போகும். மேலிடத்தில் அதை எப்படி விளக்குவீர்கள்?

கடன் பக்கம் போகவே போகாதீர்கள்

ஊரின் மிகச் சரியான வரைபடம் ஏற்கெனவே மளிகைக் கடை நோட்டில் இருக்கிறது. யார் வீட்டில் எந்த மாதம் கை காய்கிறது, எந்த வெட்டு முடிந்ததும் யார் பாக்கி அடைக்கிறார், யார் வெளியூரிலிருக்கும் மகன் பணம் அனுப்பியதும் வருகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் மூன்று நாள் பயிலரங்கு தேவையில்லாமல் போய்விடும். எனவே கடைக்காரரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். நிவாரண அரிசியும் பிஸ்கட்டும் அவர் கடை வாசலிலேயே இறங்கட்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர், புயலில் எல்லாம் இழந்தவர்கள் தன் கடைக்கு வைத்திருந்த பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகப் போர்டே எழுதி வைத்தார். செய்தியாகவும் வந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் மனுப் போடாமலே கடன் தள்ளுபடி அறிவித்த நிதி நிறுவனம் அதுதான். அதே நாட்களில் வாரத் தவணை கேட்டு நுண்கடன் கம்பெனி ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று பெண்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லும் இந்த வட்டாரத்தில் இன்னொரு கண்ணிவெடியும் இருக்கிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி ஆவணியில் நடக்கும் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை, பணம் திரட்டுவதற்கென்றே வைக்கும் விருந்து. பல குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போடும், ஆட்டுக்கறிச் சாப்பாடு, ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வைக்கலாம். நடுவில் உள்ள நான்கு வருடமும் அவர் மற்றவர்களுக்குச் செய்துகொண்டே இருப்பார். தன் முறை வரும்போது செய்ததெல்லாம் மேல்தொகையோடு திரும்பும். வசூல் லட்சங்களைத் தாண்டி சில இடங்களில் கோடியைத் தொடும். எண்ணுவதற்கு மிஷினே வரும். மொய்யில் வந்த பணத்தில் கிணறு வெட்டியவர்களும், ஆழ்துளைப் போர் போட்டவர்களும், மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும், தோப்பே வாங்கியவர்களும் உண்டு. பத்திரமில்லாத, அடமானமில்லாத வங்கி. திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பதுதான் அதன் ஒரே ஜாமீன்.

இப்போது 2019 ஆடியில் முறை வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நெல்தான், தென்னை கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். புயலில் ஓடுகூடப் பறக்கவில்லை; கணக்கெடுப்பில் அவர் பெயர் இல்லை. ஆனால் நான்கு வருடமாக அவர் யாருக்கெல்லாம் எழுதினாரோ அத்தனை பேரும் தோப்புக்காரர்கள். அவர் விருந்தில் சாப்பாடு மிஞ்சும். மறுபுறம், 1,100 ரூபாய்க் கணக்கில் நிவாரணம் வாங்கிய தோப்புக்காரர், கன்று வாங்கக் கொடுத்த பணத்தை மானத்துக்குப் பயந்து மொய்யாக எழுதிவிட்டு வருவார். அரசாங்கத்தின் மறுநடவுப் பணம் எங்கே போனது என்று மதிப்பீட்டுக் குழு தேடும்போது அது ஏதோ ஒரு பந்தலில் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் நோட்டில் ஏறியிருக்கும். அதைத் தவறாகச் செலவழித்தார் என்றும் சொல்ல முடியாது; அவர் தன் வருங்கால வரவைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த ஆடிக்கு முன்னால் மொய் நடத்தும் குடும்பங்களோடு உட்கார்ந்து ஒரு வருடம் தள்ளிப்போடலாமா, தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாமா என்று யாராவது பேசியிருந்தால், எந்தத் திட்டமும் இல்லாமலே சில ஆயிரம் வீடுகளுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். மொய் நோட்டைப் புரட்டினால் நீங்களும் இப்படி யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். “கலாச்சார நிகழ்வுகள்” என்று ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பொங்கலோடு சேர்த்து மொய் விருந்தையும் அடைத்துவிடுங்கள். அம்பு வேண்டாம்.

இரண்டாவது படம் வேண்டாம்

பேரிடர்க்காலச் சந்தைகளை ஆராய 2010-இல் ‘எம்மா’ என்றொரு கையேடு வந்தது. இரண்டு படம் போடச் சொல்கிறது அது: பேரிடருக்கு முன் சந்தை எப்படி நடந்தது, இப்போது எப்படிக் கிடக்கிறது. நடுவில் விளைவிப்பவர் முதல் வாங்குபவர் வரை சங்கிலி, மேலே சட்டமும் வழக்கமும், கீழே சாலை, மின்சாரம், கடன் முதலிய வசதிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியும். ஒரு படத்துக்கே சார்ட் பேப்பர் செலவு கையைக் கடிக்கும்போது இரண்டு எதற்கு? அதிலும் தென்னையில் மூன்றாவது படமும் தேவைப்படும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நல்ல கன்று எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் 2019-இல் வைத்த கன்று 2025 வாக்கில்தான் சோறு போடும். நடுவில் உள்ள வருடங்களை மரமேறி எதைத் தின்று கடத்துவார் என்ற கேள்விக்கு நம் துறையில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மெழுகுவர்த்தித் தயாரிப்புப் பயிற்சி. காளான் வளர்ப்பும் உண்டு. தையல் மிஷின் கொடுத்தால் போட்டோவும் நன்றாக வரும். அவர் திருப்பூர் பஸ் ஏறிவிட்டால், “மாற்று வாழ்வாதாரம் கண்டடைந்தவர்” என்ற பத்தியில் எண்ணிக்கொள்ளலாம்.

முன்னோர்கள் நமக்கு இதில் நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் எல்லோரும் படகு கொடுத்தார்கள். படகு கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுத இடம் இருக்கும். கட்டுமரத்தில் போனவருக்கு ஃபைபர் படகு, கூலிக்குப் போனவருக்கும் படகில் பங்கு. கடைசியில் பல குப்பங்களில் ஊரே படகு முதலாளி, ஏறுவதற்கு ஆளில்லை. மீன் அதே மீன்தான். கூடையில் மீன் வாங்கி உள்ளூருக்கு நடந்து விற்ற பெண்களுக்குக் கூடையும் தராசும் முதலும் போயிருந்தன. அது யார் படத்திலும் சுலபமாக ஏறவில்லை. கூடையில் நன்கொடையாளர் பெயர் எழுதினால் படிக்க முடியாது அல்லவா?

சார்ட் பேப்பர் இல்லாமல் ஊர்க்காரர்களே வரைய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பேராவூரணியிலேயே ஒரு கெட்ட உதாரணம் உண்டு. தோப்பு விழுந்த பிறகு அங்கே இளைஞர்களும் விவசாயிகளும் கூடி, எதற்காக நம் அப்பாக்கள் நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனார்கள் என்று பின்னோக்கிப் போனார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதில்லை, ஏரி தூர்ந்து கிடக்கிறது, நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. மறுபடியும் கன்று வைத்தாலும் அதற்கும் தண்ணீர் வேண்டும். ‘கைஃபா’ என்று கடைமடை விவசாயிகள் சங்கம் ஒன்றை அமைத்து, 2019-இல் பேராவூரணி பெரியகுளத்தைத் தூர்வார இறங்கிவிட்டார்கள். புயல் நிவாரணத் தலைப்பில் ஏரிக்குக் கட்டமே கிடையாது. ஜே.சி.பி. வாடகைக்கு அவர்களே கை நீட்டி வசூலித்தார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் நாம் போய்ப் பயிலரங்கு நடத்துவது சிரமம்.

அறிக்கை

பெரிய வேலையில்லை. கோலமாவுப் படத்தைச் செல்போனில் பிடித்துவிட்டு, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கச் சொல்லுங்கள். சார்ட் பேப்பரைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு பிரதி விட்டு வந்தால் அடுத்து வரும் நிறுவனத்துக்கு அது கிடைத்துவிடும். அப்புறம் அவர்கள் பாவம், முதலிலிருந்து தொடங்க முடியாமல் தவிப்பார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் மூன்று நிறத்தில் திருத்தி வரைய ஒரு பையனைப் பிடியுங்கள். அவன் தோப்புக்காரர், மரமேறி, முடைகிற பெண் எல்லோருக்கும் ஒரே அளவு வட்டம் போட்டால், “சமத்துவ நோக்கு” என்று அடிக்குறிப்பு சேருங்கள்.

வெளியீட்டு விழாவை மட்டும் ஆடி மாதத்தில் வைக்காதீர்கள். அந்தப் பக்கத்து மண்டபங்கள் ஒன்றுகூடக் கிடைக்காது. பந்தல்காரரும் சமையல்காரரும் மொய் விருந்துக்கு முன்பணம் வாங்கியிருப்பார்கள். தஞ்சாவூரில் ஏதாவது ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள், ஏ.சி. ஹால், சைவச் சாப்பாடு. ஊர்க்காரர்களுக்குப் பஸ் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அவர்களை அழைக்க வேண்டியதில்லை.